வீட்டுக்காரர் தயிரை விட்ட நாற்பத்தொரு நாட்கள்

எங்கள் வீட்டில் தினசரி காலண்டரின் தாளைக் கிழிப்பது கல்யாணமான நாளிலிருந்து என் வேலை. கிழித்த தாளின் பின்புறம் வெள்ளையாக வீணாகிறதே என்று, அன்றைக்கு நடந்ததை அதில் இரண்டு மூன்று வரி எழுதி, மாதம் வாரியாக ரப்பர் பேண்ட் போட்டு பிஸ்கட் டின்களில் அடுக்கி வைத்திருக்கிறேன். மழை பெய்த நாள், நூலகத்தில் எடுத்த புத்தகம், சிலிண்டர் மாற்றிய நாள், யார் வந்தார்கள், என்ன சமைத்தேன் எல்லாம் அதில் உண்டு. ஆகவே இங்கே சொல்வதை வெறும் ஞாபகத்திலிருந்து எழுதவில்லை. டின்னைத் திறந்து தாள்களைத் தரையில் பரப்பிச் சரிபார்த்துத்தான் எழுதுகிறேன். ஞாபகத்திடம் முகத்தைக் கேட்டால் சரியாகச் சொல்லும். கிழமையைக் கேட்டால் உளறும்.

மாசி மாதத்து முதல் திங்கட்கிழமைத் தாளில் இப்படி எழுதியிருக்கிறேன்: "இன்று முதல் இவர் கறி, மீன், முட்டை, பால், தயிர், மோர், நெய் எதுவும் தொடுவதில்லையாம். ஒரு மண்டலம். பார்ப்போம்." 'பார்ப்போம்' என்பதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

அந்த இரண்டு கோடு ஏன் என்று தெரிய வேண்டுமானால் என் வீட்டுக்காரரின் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு பெரியநாயக்கன்பாளையத்தில், எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி, சொந்த லேத் பட்டறை. பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறார். ஒவ்வொரு பீஸையும் வெர்னியர் வைத்து அளந்து பார்க்கிற கை, சாப்பாட்டுத் தட்டிலும் அப்படியேதான் வேலை செய்யும். கத்திரிக்காயில் விதை இருக்கிறது, ஆகாது. வெண்டைக்காய் கொழகொழக்கிறது. புடலங்காய்க்கு வாசம். பாகற்காயைப் பற்றிப் பேச்சே கூடாது. முட்டைக்கோசு வெந்தால் வீட்டுக்குள்ளேயே வர மாட்டார். கீரை என்பது தழை. தக்காளி ரசத்தில் கரைந்திருக்கலாம், தோல் கண்ணில் படக் கூடாது. சாப்பிட்டு எழுந்த பிறகு தட்டின் ஓரத்தில் கடுகும் கறிவேப்பிலையும் வரிசையாக நிற்கும், யாரோ எண்ணி வைத்த மாதிரி.

காய் என்று அவர் ஒப்புக்கொண்டது மூன்று: உருளைக்கிழங்கு, வாழைக்காய், சின்ன வெங்காயம். மற்றபடி அவர் உயிர் வாழ்ந்தது தயிரிலும் நெய்யிலும் முட்டையிலும் ஞாயிற்றுக்கிழமைக் கறியிலும்தான். அதை எல்லாம் விட்டுவிட்டால் அந்த மனிதர் எதைத் தின்பார் என்று நான் கேட்டதற்கு, "செடில காய்க்கறது எவ்வளவோ இருக்குதல்ல" என்றார். அந்தச் செடிகளில் காய்ப்பவற்றோடு அவருக்கு ஐம்பத்தாறு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

விளையாட்டுக்காக அவர் இதை ஆரம்பிக்கவில்லை. காரணம் எங்கள் மகள்.

ஒரே மகள். சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. நேரம் கெட்ட நேரத்து வேலை என்பதால் அங்கேயே தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். ஸ்கூட்டரில் வந்தால் அரை மணி நேரத் தூரம். அவள் இரண்டு வருடத்துக்கு முன்பு கறி, முட்டையோடு பால் தயிரையும் விட்டாள். மாட்டுக் கன்றுக்கு உரியது மாட்டுக் கன்றுக்கு, அவ்வளவுதான் என்று சொன்னாள். எனக்குச் சமையலில் ஒரு கரண்டி மாறியது, வேறொன்றும் மாறவில்லை.

அந்த வருடத்து ஆடி நோம்பிப் பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டில் விருந்துக்கு ஒரம்பரை பதினோரு பேர். உறவுக்காரர்கள் எல்லாம் வரிசையாக உட்கார, இலை போட்டுக் கறி பரிமாறிக்கொண்டு வரும்போது மகள் தனக்கு வேண்டாம் என்று இலையின் மேல் கையை வைத்தாள். இவர் சத்தமாக, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "என்ற புள்ளைக்கு இலைல ஒண்ணும் வெக்காதீங்க. மாட்டுக்குப் போடற மாதிரி சோளத்தட்டு ரெண்டு கட்டு வாங்கியாந்து போட்டாப் போதும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சாதமும் ரசமும் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு அவள் வராமல் இருக்கவில்லை. மாதம் இரண்டு தடவை தவறாமல் வந்தாள். பட்டறையின் ஜிஎஸ்டி கணக்கையும் அவள்தான் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் வாசலிலேயே, "சாப்புட்டுத்தான் வந்தேங்ம்மா" என்று சொல்லிவிடுவாள். தாள்களைப் புரட்டிப் பார்த்தால் அந்த ஆடி ஞாயிற்றுக்குப் பிறகு எங்கள் வீட்டில் அவள் ஒருவாய்ச் சோறு சாப்பிட்டதாக ஒரு தாளிலும் இல்லை. ஒருநாள் அவள் வந்து உட்கார்ந்ததும் நான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். அவள் வாங்கிக் குடித்தாள். உள்ளே திரும்பி நடக்கும்போதுதான் தெரிந்தது, அது ஒரம்பரைக்குச் செய்கிற மரியாதை. பெற்ற மகளுக்கு அடுக்களைக்கு வழி தெரியாதா என்ன.

இவருக்கு இதெல்லாம் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். மாசி பிறந்த வாரம் அவளுடைய மிக்ஸியைப் பழுது பார்த்து எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனார். மதிய நேரம். தோழிகளோடு வட்டமாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், சோற்றுக் கையோடு எழுந்து, வாங்கப்பா, உட்காருங்க, ஒரு தட்டு போடுகிறேன் என்றிருக்கிறாள். இவர் யோசிக்காமல், "சாப்புட்டுத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு மிக்ஸியை வைத்துவிட்டு வந்துவிட்டார். உண்மையில் சாப்பிடவில்லை. துடியலூர் தாண்டி வரும்போது வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினாராம். அது அவளுடைய வாக்கியம் என்பது அங்கேதான் உறைத்ததாம்.

அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னார். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், அவள் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டு முடித்துவிட்டு, அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவளைச் சாப்பிடக் கூப்பிடுவது. அதுவரை அவளுக்குத் தெரியக் கூடாது. ஏன் இப்போதே கூப்பிடக் கூடாது என்றேன்.

"வெறுங்கையோட எப்படிக் கூப்படறது" என்றார்.

முதல் நாள் மதியம் அரிசிம்பருப்புச் சாதம் செய்தேன். எங்கள் பக்கத்தில் அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாகப் போட்டு, சின்ன வெங்காயமும் பூண்டும் தாளித்துச் செய்கிற சாதம். சுடச்சுட அதன் நடுவில் குழி பறித்து நெய் ஊற்றாவிட்டால் அது சாதமே இல்லை என்பது இவர் கட்சி. குழி பறித்தார். நான் செக்குக் கடலெண்ணெயை ஊற்றினேன். குழியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எப்படி இருக்குதுங்க என்று கேட்டேன். "இருக்குது" என்றார். கூடத் தொட்டுக்கொள்ள வறுத்து வைத்த மோர் மிளகாயைக் கடித்துக் கடித்து ஒருவழியாக உள்ளே தள்ளினார். அன்றைய தாளில் "ஒரு நாள் முடிந்தது, நெய்க்காகத் துக்கம் அனுசரிக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் நெய் பாலில் சேர்த்தி இல்லை என்று வாதாடினார். பால் வேறு, வெண்ணெய் வேறு, அதைக் காய்ச்சி வடித்தெடுத்த நெய் முற்றிலும் வேறாம். இரும்பை உருக்கினால் இரும்பு இல்லாமல் போய்விடுமா என்று கேட்டேன். பட்டறைக்காரருக்குப் பட்டறை பாஷையிலேயே சொன்னதில் அடங்கிவிட்டார்.

காப்பி பெரிய இடைஞ்சலாக இருந்தது. வரக்காப்பி குடித்தால் யாரோ செத்த வீட்டில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது என்றார். ஐந்தாம் நாள் தேங்காய்ப்பால் பிழிந்து காப்பியில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு, சந்தகைக்கு ஊற்றுவதை எல்லாம் காப்பியில் ஊற்றாதே என்று டம்ளரைத் திருப்பி வைத்தார். ஆனால் அந்தப் பேச்சில் சந்தகை ஞாபகம் வந்துவிட்டது. அரிசி மாவை இடியாப்பம் மாதிரி பிழிந்து, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றிச் சாப்பிடலாம், ஒரு காயும் வேண்டாம், மாட்டுக்கும் அதில் வேலை இல்லை. ஆறாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாள் வரை நான்கு நாள் தொடர்ந்து சந்தகை. எனக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. பத்தாம் நாள் மாவை வைத்து அழுத்தும் கட்டையை அவர் கையிலேயே கொடுத்து, வேண்டுமென்றால் நீங்களே பிழிந்துகொள்ளுங்க என்றேன். அத்தோடு சந்தகை ஆசை தீர்ந்தது.

நான் அந்த நாட்களில் மிகவும் கறாராக இருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். பிஸ்கட் பாக்கெட், ரொட்டி பாக்கெட் எல்லாவற்றிலும் இருக்கிற பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ரொட்டியில் பால் பவுடர் இருந்தது, எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். கடையில் வாங்கிய பருப்புப் பொடியைக்கூட விசாரித்தேன். நூலகத்தில் இதைப் பற்றிக் கிடைத்த இரண்டு புத்தகங்களையும் எடுத்துவந்து படித்தேன். இரண்டிலும் எங்கள் பக்கத்துச் சாப்பாடு ஒன்றும் இல்லை. எழுதியவர்கள் பீன்ஸும் சோயாவுமாகப் பேசிக்கொண்டே போனார்கள்.

பன்னிரண்டாம் நாள் ஒரு சம்பவம். சாயங்காலம் பட்டறையிலிருந்து வரும் வழியில் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு தள்ளுவண்டியில் காளான் போடுவார்கள். பெரிய தோசைக்கல்லில் கொதிக்கிற மசாலாவில் காளானைக் கொத்திப் போட்டு, மேலே வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி, சின்னத் தட்டில் கொடுப்பார்கள். கோயமுத்தூர் சுற்று வட்டாரத்தில் இதைத் தின்னாமல் வளர்ந்த பிள்ளைகள் இல்லை. இவருக்கும் அது உயிர். காளான் மாட்டிலிருந்து வருவதில்லை என்ற தைரியத்தில் அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டிருக்கிறார். சாப்பிட்டு முடித்ததும் மனசு கேட்காமல், இதில் பால் கீல் ஏதாவது சேர்க்கிறீர்களா என்று கடைக்காரரை விசாரித்திருக்கிறார்.

கடைக்காரர், "பாலெல்லாம் எதுக்குங்க. முட்டைக்கோசு, மாவு, மசாலா, அவ்வளவுதானுங்க. காளான் பேருக்கு நாலு துண்டு கெடக்கும்" என்றாராம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். என்ன என்று கேட்டேன். சொன்னார். நான் அடுக்களைக்குள் போய்த்தான் சிரித்தேன்; ஆனாலும் வெளியே கேட்டிருக்கும். கோசு வெந்தால் வீட்டுக்குள் வராத மனிதர், கல்யாணத்துக்கு முன்பிருந்து வாரம் இரண்டு தட்டுக் கோசு காசு கொடுத்து வாங்கித் தின்றிருக்கிறார். மறுநாள் கோசுப் பொரியல் செய்து வைத்தேன். தொடவில்லை. கேட்டதற்கு, அது காளான் கோசு, இது வீட்டுக் கோசு, இரண்டும் ஒன்றாகுமா என்றார். பதினைந்தாம் நாள் அதே கோசை மாவில் புரட்டிப் பொரித்து, மசாலாவில் போட்டுக் கொத்தி, சின்னத் தட்டில் வைத்து, தட்டுப் பத்து ரூபாய் என்று சொல்லி நீட்டினேன். வாங்கிச் சாப்பிட்டுவிட்டார்.

அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக. கொள்ளுப் பருப்பு ஒரு நாள் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பச்சைப்பயிறு கடைசல் மறுவாரம். கீரையை மத்தால் கடைந்து பருப்போடு கலந்து, நிறம் தெரியாத அளவுக்குப் புளி விட்டுக் கொடுத்ததில் அதுவும் ஒரு தரம் உள்ளே போனது. தழை என்று தெரிந்த பிறகு அடுத்த வாரம் தெரிந்தே போனது. கத்திரிக்காயிடம் மட்டும் நான் போகவில்லை. சில சண்டைகளுக்கு ஒரு மண்டலம் போதாது.

இதற்கிடையில் ஒரு சின்னச் சிக்கல். எங்களுக்குப் பால் ஊற்றுகிறவர் பின்தெருவில் இரண்டு மாடு வைத்திருப்பவர். இருபது வருடத்துக்கு மேலாக ஒரு லிட்டர். குறைத்துக்கொள்கிறோம் என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. வாடிக்கையை எப்படிக் கெடுப்பது, மண்டலம் முடிந்தால் திரும்பவும் கேட்க வேண்டுமே என்றார். நான் ஒருத்தி எவ்வளவு பால் குடிக்க முடியும். மீந்ததைத் தோய்த்தேன். மீந்த தயிர் புளித்தது. மாசி வெயில் நன்றாக ஏறியிருந்தது. தயிர் வீணாகிறதே என்று இரண்டாம் வாரம் ஒரு கிலோ பச்சை மிளகாய் வாங்கி, காம்போடு கீறி, உப்பும் புளித்த தயிரும் ஊற்றி ஊறவைத்து, பகலில் மொட்டை மாடியில் காய வைத்து, ராத்திரி மறுபடி அதே தயிரில் போட்டு, தயிர் முழுவதும் மிளகாய்க்குள் இறங்கும் வரை ஒரு வாரம் செய்தேன். அந்த வருடத்து மோர் மிளகாய் பிரமாதமாக அமைந்தது. நெய்யும் தயிரும் இல்லாத சோற்றை அதைக் கடித்துத்தான் விழுங்க முடிகிறது என்று இவர் பாராட்டினார். முன்பு ஒன்று தின்றவர் ஒரு வேளைக்கு நான்கு தின்றார். அதையும் தாளில் எழுதியிருக்கிறேன்: "மோர் மிளகாய் நன்றாக வந்திருக்கிறது. இவர் நான்கு."

வாசிக்கிறவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்கு நாற்பத்தொன்றாம் நாள்தான் புரிந்தது.

அன்று சனிக்கிழமை. காலை பதினொரு மணி வாக்கில், அடுத்த ஈடு மிளகாயைக் கீறிப் பேசினில் போட்டுவிட்டு, தயிர்ச் சட்டியைச் சாய்த்தேன். தயிர் கட்டியாக மிளகாய் மேல் விழுந்தது. சட்டியைச் சாய்த்த கை அப்படியே நின்றுவிட்டது. பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தவள் நான். ரொட்டியைத் தானம் கொடுத்தவள் நான். பெயரிலேயே மோரை வைத்துக்கொண்டு ஒரு சாமான் முதல் நாளிலிருந்து தட்டில் உட்கார்ந்திருக்கிறது. அவர் விட்ட தயிர் அத்தனையும் மிளகாய் வழியாக அவருக்குள்ளேயே திரும்பப் போயிருக்கிறது.

கை கழுவிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். இன்னும் ஏழு நாள். மகளிடம் நான் ஏற்கெனவே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வா, அப்பா கூப்பிடச் சொன்னார் என்று சொல்லியிருந்தேன். பார்க்கலாம்மா என்று மட்டும் சொல்லியிருந்தாள். இப்போது வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. இன்றிலிருந்து மிளகாய் தீர்ந்துபோயிற்று என்று சொல்லிவிடலாம். எவ்வளவு யோசித்தாலும், அன்றைய தாளில் என்ன எழுதுவது என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டேன். எழுதாமல் விட்டால் மட்டும் போதாது. பழைய தாள்களில் "இவர் நான்கு" என்று இருக்கிறதே, அதை என்ன செய்வது.

மதியம் சாப்பிட உட்கார்ந்தார். சாதம், கொள்ளு ரசம், வாழைக்காய் வறுவல். தட்டைப் பார்த்துவிட்டு, "மொளகா எங்க?" என்றார்.

"ஏனுங்க, அதுல மோர் இருக்குதுங்" என்றேன்.

கையை எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். மேலே மொட்டை மாடிப் பக்கம் பார்த்தார். நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

"எத்தன நாளா?"

"மொதல் நாள்ல இருந்துங்."

சோற்றைப் பிசைந்தார். பிறகு பேரம் ஆரம்பித்தது. வெயிலில் அவ்வளவு காய்ந்த பிறகு அதில் என்ன மோர் மிச்சம் இருக்கப் போகிறது என்றார். தெரிந்து தின்றால்தானே கணக்கு என்றார். பட்டறையில் எந்தப் பீஸுக்கும் ஒரு டாலரன்ஸ் உண்டு, இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று கம்பெனிக்காரனே எழுதித் தருவான், மிளகாயை அந்த டாலரன்ஸில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். தப்பில் பாதி என்னுடையது. பாதிக்கு மேலேயே.

சாப்பிட்டு எழுந்து பட்டறைக்குப் போனார். சாயங்காலம் ஐந்து மணிக்கே வந்துவிட்டார். முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "அளவு தப்புன பீஸ பெயின்ட் அடிச்சு நான் ஒருநாளும் அனுப்புனதில்ல" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு என் ஃபோனைக் கேட்டார்.

மகளோடு இவர் நேராகப் பேசுவது அபூர்வம். அவள் கேட்பதற்கு நான் சொல்ல வேண்டும், இவர் சொல்வதை நான் கேட்டுச் சொல்ல வேண்டும். ஸ்பீக்கர் போட்டுத்தான் அவருக்குப் பேச வரும். லேத் ஓடுகிற சத்தத்தில் பேசிப் பழகிய குரல். அதனால் இரண்டு பக்கமும் எனக்குக் கேட்டது. அவள் எடுத்ததும், அம்மா என்று கூப்பிட்டாள்.

"அம்மா இல்ல கண்ணு, நான். ஞாயித்துக்கெழம உன்றகிட்ட ஒண்ணு சொல்லோணும்னு இருந்தேன். இப்ப அதச் சொல்ல முடியாமப் போச்சு."

அவள் பயந்துவிட்டாள். உடம்புக்கு என்ன என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, மோர் மிளகாய் தின்றுவிட்டேன் என்றார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இவர் தலைகீழாக, கடைசியிலிருந்து முதலுக்குச் சொல்லிக்கொண்டு போனார்: மிளகாய், காளான் கடை, சந்தகை, கடலெண்ணெய், மண்டலம். மண்டலத்துக்கு வந்ததும் லைன் போய்விட்டதோ என்று ஃபோனைத் திருப்பிப் பார்த்தார்.

"எதுக்குங்ப்பா இதெல்லாம்?"

சும்மாதான், உடம்புக்கு நல்லதாம் என்றார். நான் அவர் முழங்கையைக் கிள்ளினேன். அதற்கு மேல் அவரால் ஆகவில்லை. நாளைக்கு ஞாயிறு, மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன், முடித்த பிறகு சொல்கிறேன், அப்போது வா என்றார். கூப்பிட எடுத்த ஃபோனில் வர வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் வேண்டாங்ப்பா. அடுத்த ஞாயித்துக்கெழம சாப்பிட வாரேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அந்த வாரம் முழுவதும் இவர் என்ன சமைப்பது என்று என்னைக் கேட்டுக் கேட்டு உயிரை எடுத்தார். தட்டப்பயிறும் கத்திரிக்காயும் போட்ட குழம்பு என்றேன். அவளுக்குச் சின்ன வயசிலிருந்து அதுதான் பிடிக்கும். அப்போ எனக்கு என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டார். இத்தனை வருடத்தில் கத்திரிக்காய் போட்ட அன்று இவருக்குத் தனிக் குழம்பு வைக்காதது அதுதான் முதல் தடவை.

அவள் பன்னிரண்டு மணிக்கு வந்தாள். வாசலில் ஒன்றும் சொல்லவில்லை. நேராக அடுக்களைக்குள் வந்து, குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்து, கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, உப்புப் போதாது என்றாள். போட்டேன்.

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். இவர் எழுந்து, தானே பரிமாறுகிறேன் என்று கரண்டியை வாங்கிக்கொண்டார். கரண்டி பிடித்துப் பழக்கமில்லை. அவள் தட்டில் சோறு மலையாகக் குவிந்தது, குழம்பு தட்டைத் தாண்டி ஓடியது. அவள் கையால் அணை கட்டி நிறுத்தினாள். பிறகு தன் தட்டில் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நீளமாக வெட்டிய ஒரு கத்திரிக்காய்த் துண்டு விதையெல்லாம் தெரிய நடுவில் கிடந்தது. அதைச் சோற்றோடு எடுத்தார். வாய் வரைக்கும் கொண்டுபோனார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பவும் பார்க்கும்போது துண்டு தட்டிலேயே இருந்தது. மறுபடி எடுத்தார். நெற்றியில் வேர்வை. அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புடிக்கலைன்னா ஓரமா வெச்சுருங்ப்பா" என்றாள். "ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

சாதாரணமாகத்தான் சொன்னாள். குத்திக் காட்டுகிற குரலே இல்லை. அவர் துண்டைத் தட்டின் ஓரத்தில், கடுகுக்குப் பக்கத்தில் வைத்தார். கையை எடுக்கவில்லை.

"அன்னைக்கு நானும் அப்படிச் சொல்லியிருக்கோணும் அம்மணி" என்றார் மகளைப் பார்த்து.

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, விடுங்க என்றா என்று எனக்குத் தெரியவில்லை. தாளிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். பிறகு அவள் கையை நீட்டி, அவர் தட்டின் ஓரத்திலிருந்து அந்தத் துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.

புது மண்டலத்தில் இன்று எத்தனையாவது நாள் என்று கேட்டாள். எட்டு என்றார். நான் எழுந்து காலண்டரைப் பார்த்து, இன்னும் நாற்பது நாளில் ஞாயிறு ஐந்து வருகிறது என்றேன். அப்படியென்றால் ஐந்து ஞாயிறும் மதியம் வந்து செக் பண்ண வேண்டும் என்றாள்.

"அதுக்கு உன்ற அம்மா இருக்கறாளல்ல" என்றார் இவர்.

"அவங்கதான மொளகா வறுத்துப் போட்டது" என்றாள்.

நான் ரசம் எடுத்து வர உள்ளே போனேன்.